பனியில் கிடந்து பழைய கார் பார்ப்பவர்கள் திரி

ஸ்கார்பரோ, 1992 மாஸ்டா மியாட்டா

சூடான கராஜ் வைத்திருப்பவர்கள் ஓரமாக உட்கார்ந்து படியுங்கள், இது உங்களுக்கான திரி இல்லை. வாடகை வீட்டு டிரைவ்வேயில், வீட்டுக்காரர் முறைக்க முறைக்க, மைனஸ் பத்திலும் இருபதிலும் காருக்கு அடியில் புரண்டவர்கள் எழுதுங்கள். என்ன வேலை, எவ்வளவு குளிர், எது கைகொடுத்தது, எது காலை வாரியது, எல்லாம்.

நானே தொடங்குகிறேன். என்னுடையது 1.6 லிட்டர் மியாட்டா. கோடைக்கென்றே வாங்கிய வண்டி, உப்புப் போட்ட ரோட்டில் இறக்குவதில்லை. போன ஜனவரியில் பனி தள்ளுவதற்காகக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தலாம் என்று கிளட்சை மிதித்தால் பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது, திரும்பி எழவே இல்லை. போனது, கியர்பாக்ஸின் பக்கத்தில் இருந்து கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர். இந்த மாடல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் மாற்றுகிற சாமான்தான், அதில் அதிசயம் இல்லை. குளிரில் ரப்பர் சீல் இறுகிச் சுருங்கும், ஏற்கெனவே தேய்ந்த சீல் என்றால் அதோடு கதை முடிந்தது. இரண்டு பன்னிரண்டாம் நம்பர் போல்ட், பைப்புக்கு ஒரு பத்தாம் நம்பர் நட், அவ்வளவுதான். ஜூன் மாதமாக இருந்தால் இதைப் பற்றி எழுதவே மாட்டேன்.

அன்றைக்கு மைனஸ் 14. வேலையில் பாதி நேரம் காரைத் தூக்குவதற்கே போனது. ட்ராலி ஜாக் தூக்கும்போது அதன் சக்கரம் கொஞ்சம் உருண்டு வண்டிக்கு அடியில் போக வேண்டும், ஐஸ் மேல் அது உருளாமல் வழுக்கும், இல்லையென்றால் ஒரு விளிம்பில் மாட்டிக்கொண்டு காரையே பக்கவாட்டில் இழுக்கும். அதனால் முதலில் ஐஸை இரும்புச் சட்டத்தால் சுரண்டி எடுத்து, தார் தெரிகிற வரை சுரண்டி, மணல் தூவி, மேலே முக்கால் அங்குல பிளைவுட் போட்டு, அதன் மேல்தான் ஜாக்கும் ஸ்டாண்டும். வெறும் ஐஸ் மேல் ஸ்டாண்ட் வைத்து அடியில் படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். இன்னொன்று, ஜாக்கின் உள்ளே இருக்கும் எண்ணெயும் கெட்டியாகிவிடும். ஏறுவதும் மெதுவாக, இறக்கும்போது வால்வைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கைக்கு வருவோம். மெல்லிய கம்பளிக் கையுறை, அதற்கு மேல் ஒரு அளவு பெரிய நைட்ரைல் கையுறை. தடித்த பனிக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு நட்டைப் போல்ட்டில் ஏற்ற முடியாது, வெறுங்கையோடு செய்தால் விரல் நுனியில் உணர்வே போய்விடும், நட் விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். உண்மையில் கையின் சூட்டை உறிஞ்சுவது காற்றைவிட ஸ்பேனர்தான். அதனால் சாக்கெட்டுகளையும் ஸ்பேனர்களையும் வெந்நீர் பாட்டில் ஒன்றோடு ஹாட்பாக்ஸில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். கையில் இருப்பது குளிர்ந்ததும் உள்ளே போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பது. இடியாப்பத்துக்கு வாங்கிய ஹாட்பாக்ஸ் அது. அதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

கிளட்சுக்கு ஊற்றும் பிரேக் ஆயிலையும் வீட்டுக்குள் வைத்திருந்து கடைசி நிமிடத்தில் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வாருங்கள். குளிர்ந்த ஆயிலில் காற்றுக் குமிழி மேலே வர யோசிக்கும், ப்ளீட் பண்ணி, அதாவது பெடலை மிதித்து மிதித்துக் காற்றை வெளியேற்றிக் கால் ஓய்ந்துவிடும். பெடலை மிதித்துக்கொண்டிருந்த என் மருமகனுக்குப் பதினாறு வயது, உள்ளே ஹீட்டர் போடலாமா மாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எஞ்சின் ஓடினால்தானே தம்பி ஹீட்டர்.

வின்னிபெக், 1990 வோல்வோ 240

மைனஸ் 14இல் நாங்கள் குளிர்சட்டையின் ஜிப்பைக்கூட ஏற்ற மாட்டோம். கோபப்படாதீர்கள், சும்மா சொன்னேன். மைனஸ் 30க்குக் கீழே போனால் எல்லாமே வேறு விளையாட்டு, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் பிளாஸ்டிக். முப்பது வருடப் பழைய வயர் கனெக்டரின் பூட்டு நாக்கு கோடையிலேயே உடையத் தயாராக இருக்கும், இந்தக் குளிரில் தொட்டால் டக்கென்று போகும். ஹேர் டிரையரால் நன்றாகச் சூடு காட்டிவிட்டுத்தான் கனெக்டரில் கை வைப்பேன். அந்த டிரையருக்குக் கரண்ட் கொண்டுவரும் எக்ஸ்டென்ஷன் வயர் சாதாரண வயராக இருந்தால் மூங்கில் கழி மாதிரி விறைத்து நிற்கும், மடக்கினால் மேலுறை விரிசல் விடும். குளிர் தாங்கும் வயர் என்று தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். இங்கே பார்க்கிங்கிலேயே பிளக் பாயிண்ட் இருக்கும், எஞ்சின் பிளாக் ஹீட்டரை மாட்டுவதற்காக. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் மாட்டினால் போதும், டைமர் வைத்துவிட்டால் கரண்ட் பில்லும் மிஞ்சும்.

பேட்டரி விஷயத்தில் ஒன்று. அதன் மேல் சிசிஏ என்று எழுதியிருக்கும் எண், அதாவது குளிரில் ஸ்டார்ட் பண்ணும் பலம், மைனஸ் 18இல் அளந்தது. அதற்குக் கீழே போகப் போக அந்த எண்ணை நம்பாதீர்கள். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி மானிடோபா குளிரில் உறையாது, இறங்கிப்போன பேட்டரி தண்ணீருக்குச் சமம், மைனஸ் பத்து வாக்கிலேயே உறைந்து பக்கம் புடைத்துவிடும். அப்படிப் புடைத்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்க யாராவது கேபிளோடு வந்தால் தடுத்து நிறுத்துங்கள், அது வெடிக்கும். குளிர்காலம் முழுக்க நிற்கிற வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பதே மேல்.

என் 240இல் நான் பனியில் கண்டிப்பாகப் பார்ப்பது ஃபிளேம் ட்ராப். எஞ்சின் மூச்சுவிடுகிற சின்ன பிளாஸ்டிக் துண்டு, இன்டேக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும். பக்கத்துக் கடைக்கும் வீட்டுக்குமாகவே ஓட்டினால் எஞ்சினுக்குள் ஈரம் சேர்ந்து, எண்ணெயோடு சேர்ந்து வெண்ணெய் நிறத்தில் படிந்து, அந்த வழியை அடைக்கும், குளிரில் உறைந்தும் போகும். உள்ளே அழுத்தம் ஏறினால் எங்கே சீல் பலவீனமோ அங்கே எண்ணெய் பீய்ச்சும். சாமான் விலை சொற்பம், பின் சீல் போனால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். நவம்பரிலேயே மாற்றிவிடுங்கள்.

குளிர் உதவி செய்கிற இடமும் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. முன் சக்கர பேரிங் மாற்றினேன். புது பேரிங்கின் வெளி வளையத்தை இரவு முழுக்க பால்கனியில் வைத்தேன், மைனஸ் 27. காலையில் பேரிங் உட்காரும் ஹப்பைச் சமையலறை ஓவனில் நன்றாகச் சூடாக்கினேன். வளையத்தை வைத்ததும் டங் என்று தானாக உள்ளே உட்கார்ந்தது, சுத்தியலே எடுக்கவில்லை. இதற்கு நேர் எதிர், அலுமினியத்தில் ஏறியிருக்கும் இரும்பு போல்ட். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், அதனால் குளிரில் போல்ட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பலம் காட்டினால் போல்ட் தலை மட்டும் கையோடு வரும். சுற்றியுள்ள அலுமினியத்துக்குச் சூடு காட்டிவிட்டுத் திருகுங்கள்.

மொன்றியல், 1988 டொயோட்டா கொரோலா

நாங்கள் இங்கே டெம்போவுக்குள் வேலை செய்கிறோம். தெரியாதவர்களுக்கு: இரும்புக் குழாயில் பிளாஸ்டிக் துணி போர்த்தி டிரைவ்வேயில் நிறுத்தும் கூடாரம், ஒரு கம்பனியின் பெயர்தான் இப்போது எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது, பனிக்காலம் வந்தால் தெருவில் பாதி வீட்டுக்கு முன்னால் நிற்கும். காற்று அடிக்காது, சினோ, அதுதான் பனி, தலையில் விழாது, ஸ்கார்பரோ அண்ணா மாதிரி ஐஸ் சுரண்டவும் தேவையில்லை. வெளியே இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று வியர்வை, எங்களுடையது இல்லை, காருடையது. உள்ளே ஹீட்டர் போட்டவுடன் குளிர்ந்த இரும்பெல்லாம் நனைந்துவிடும். கழுவித் துடைத்து வைத்த பிரேக் டிஸ்க் இரவுக்குள் செம்பழுப்பு. ஸ்பனர் எல்லாம் ஈரம், ஹீட்டரை நிற்பாட்டினால் அந்த ஈரம் அப்படியே உறையும். அதனால் நான் காருக்குச் சூடு போடுவதை விட்டுவிட்டேன், எனக்கு மட்டும்தான் சூடு. மின்சாரத்தில் ஓடுகிற சிவப்பு விளக்கு ஹீட்டர் ஒன்றை நான் படுத்திருக்கிற பக்கம் திருப்பி வைத்தால், அது காற்றைச் சூடாக்காமல் நேராக உடம்பைச் சூடாக்கும்.

இரண்டாவதுதான் பெரியது. பக்கத்து வீட்டு அண்ணா ஒருவர் புரொப்பேன் ஹீட்டரை டெம்போவுக்குள் வைத்து, காற்று வருகிறது என்று கீழ் ஓரத்தில் எல்லாம் சினோவைத் தள்ளி அடைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். கார்பன் மொனாக்சைட் கருவி கத்துகிற சத்தம் என் சமையலறைக்குக் கேட்டது. நான் போய் கூடார வாசலின் ஜிப்பைத் திறந்தால் மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையிடிக்குது, அந்தச் சனியனை நிப்பாட்டு என்கிறார். சனியன் என்றது கருவியை! கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அந்தக் கருவியையும் அவர் மனைவி கட்டாயப்படுத்தித்தான் வைத்தாராம். துணிக் கூடாரம்தானே, காற்று எப்படியும் போகும் என்று யாராவது எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் இங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் ரயர் சட்டப்படி கட்டாயம். நவம்பர் கடைசி வாரத்தில் ஜாக் வைத்திருப்பவன் வீட்டு வாசலில் சொந்தக்காரர் வரிசை நிற்கும். அதை எழுதினால் தனித் திரி வேண்டும்.

நோர்வே, ஃபின்மார்க், சாப் 900

அப்பா 80களில் இங்கே மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், நான் இங்கேயே வளர்ந்தேன். உங்களுக்குக் குளிர் மட்டும்தான் பிரச்சினை, எங்களுக்கு வெளிச்சமும் இல்லை. நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி பாதிக்கு மேல்தான் தலையைக் காட்டும். நடுப்பகலில் ஒரு நீல வெளிச்சம் வரும், அதில் வாஷரையும் சர்கிளிப்பையும் தேட முடியாது. தலைவிளக்குக் கட்டிக்கொண்டுதான் எல்லாம். விளக்கின் பற்றரியைத் தனியாக வயரில் எடுத்து உடுப்புக்குள் வைக்கிற மாதிரி ஒன்று வாங்குங்கள், நெற்றியில் இருக்கிற பற்றரி குளிரில் வெகுநேரம் நிற்காது.

கையுறைக்கு எங்கள் ஆட்களின் பழைய வழியே போதும். உள்ளே கம்பளி, வெளியே மீன் வெட்டுகிறவர்கள் போடும் ரப்பர். நனைந்தாலும் கம்பளி சூடு விடாது, பருத்தி போட்டால் கதை முடிந்தது. கீழே படுப்பதற்கு மான் தோல், ரெயின்டீர் தோல். இங்கே வாங்கலாம். அதன் மயிர் உள்ளே குழலாக இருக்கும், குளிர் தரையிலிருந்து ஏறாது. அட்டைப்பெட்டி, யோகா பாய் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன், கிட்டவும் வராது. எண்ணெய் பட்டால் மணம் போகாது, அது வேறு.

ஒரு விஷயம் சொல்கிறேன், வெளியில் வேலை செய்கிறவனுக்கென்றே கட்டின கார் பழைய சாப் 900. எஞ்சின் பின்பக்கம் முன்னாக வைத்திருக்கிறார்கள், கிளட்ச் ரேடியேட்டருக்குப் பக்கத்தில், பானெட்டைத் திறந்தால் முன்னாலேயே நிற்கும். கியர்பாக்ஸை இறக்காமல், கீழே படுக்காமல், நின்றபடியே கிளட்ச் மாற்றலாம். பிரஷர் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற வளையம் மட்டும் கையில் இருக்க வேண்டும். ஸ்கார்பரோ தம்பி, அடுத்த கார் வாங்கும்போது யோசியும்.

பெற்றோல் பற்றி யாரும் சொல்லவில்லை. மைனஸ் இருபதில் பெற்றோல் உறையாது, திரவமாகவே மைனஸ் இருபதில் இருக்கும். ஃபில்டர் மாற்றும்போது அது வெறுங்கையில் பட்டால், குளிரோடு குளிராக ஆவியாகி இன்னும் சூட்டைப் பிடுங்கும். ஒரு நொடியில் தோல் வெள்ளையாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பெடியனுக்கு அந்த விரலில் இன்னும் குளிர் பட்டால் வலி.

வேலூர், ஜோங்கா

நான் ராணுவத்தில், வண்டிகளைப் பழுது பார்க்கும் இஎம்இ பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். லே ஒர்க்‌ஷாப்பில் இருந்திருக்கிறேன். அங்கே சொந்தக் கார் இல்லை, அரசாங்க வண்டிதான், ஆனால் குளிர் ஒன்றுதானே. டீசல் மெழுகு மாதிரி திரண்டு முதலில் ஃபில்டரை அடைக்கும், எஞ்சின் ரெண்டு முறை இருமிவிட்டு நிற்கும். எங்கள் காலத்தில் மண்ணெண்ணெய் கலப்பதும், ப்ளோ லாம்ப் வைத்து அடியில் சூடு காட்டுவதும்தான் வழி. நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. 2019இல்தான் இந்தியன் ஆயில் மைனஸ் 33 வரை உறையாத டீசலை லடாக்கில் விட்டது.

இப்போது ஜபல்பூரில் செய்த ஜோங்கா என்ற பழைய ராணுவ ஜீப் ஒன்றை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். இங்கே மே மாதம் ஸ்பேனரைத் தொட்டால் கை வேகிறது, அங்கே ஈரக்கையோடு தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள், தோல் மிஞ்சும்.

ஸ்கார்பரோ, 1992 மாஸ்டா மியாட்டா

ஐயா, வணக்கம், ஜோங்கா படம் போடுங்கள். வின்னிபெக் நண்பருக்கு ஒரு கேள்வி. வால்வ் கவர் மூலையில் லேசாக எண்ணெய் கசிகிறது. சிலிக்கான் பசையை மைனஸ் பத்தில் போடலாமா?

வின்னிபெக், 1990 வோல்வோ 240

போட வேண்டாம். அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். குளிர்காலக் காற்றில் ஈரமும் இல்லை, சூடும் இல்லை, நாள் கணக்கில் கொழகொழவென்றே கிடக்கும். தவிர, சிலிண்டர் ஹெட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உறைபனி படிந்திருக்கும், துடைத்தாயிற்று என்று நினைத்துப் பசை வைத்தால் அதன் மேல்தான் ஒட்டும். வண்டிக்குப் பெயின்ட், பட்டி பார்ப்பது எல்லாம் இதே கணக்குதான், பிளஸ் பத்துக்கு மேல் போகாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கசிவு லேசாகத்தானே? எண்ணெய் அளவை மட்டும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருங்கள். கவரைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சுத்தம் பண்ணுவது, கேஸ்கெட் வாங்கி வைப்பது எல்லாம் இப்போதே செய்யலாம். பசை ஏப்ரலில்.