புதுப்பிப்பு: சூடானதும் நின்றுபோன பழைய செயின்சா, காரணம் கண்டன்சர்

உதவிய எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: மரம் அறுக்கும் என் செயின்சா சூடானதும் ஏன் நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். 1970-களின் மெஷின், பாயிண்ட் இக்னிஷன் (பாயிண்ட் என்ற சிறு சுவிட்ச் திறந்து மூடி பிளக்கில் பொறி வரவைக்கும் முறை). காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும். சூடேறியதும் அணைந்துவிடும், ஆறினால்தான் மறுபடி உயிர் வரும்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம் என்றார்கள். நின்றதும் மூடியைத் திறந்து பார்த்தேன், பலனில்லை. கார்புரேட்டர் டயஃப்ரமும் (பெட்ரோலை உள்ளே இழுக்கும் மெல்லிய சவ்வு) நன்றாகவே இருந்தது. இங்கே பதில் எழுதிய புனலூர் அண்ணன் சொன்னதுதான் சரி: "நின்ற கையோடு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்க." ஆறியிருக்கும்போது நீலமாகப் பட்டென்று அடிக்கும் பொறி, சூட்டில் மங்கிய மஞ்சளாக வந்தும் வராமலும் இருந்தது.

சூட்டில் கண்டன்சர் (பாயிண்ட்டோடு சேர்ந்து பொறிக்கு வலு தரும் சிறு மின்தேக்கி) பலவீனமாகிறது என்று புரிந்தது. அதே கண்டன்சர் செங்கோட்டையிலும் இல்லை, தென்காசியிலும் இல்லை. பழைய ஸ்கூட்டருக்கானது ஒன்றை (சுமார் 0.2 மைக்ரோஃபாரட்) வாங்கினேன். பாயிண்ட்டை மூடியிருக்கும் ஃபிளைவீலுக்குப் (இன்ஜினோடு சுழலும் காந்தச் சக்கரம்) பின்னால் அதற்கு இடம் போதவில்லை. வெளியே கிளாம்ப் போட்டு எர்த் கொடுத்தேன். பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ.

எதிர்பாராத விஷயம்: ஃபிளைவீலைக் கழற்றினால் பாயிண்ட் அறை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. கிராங்க் ஆயில் சீல் (இன்ஜின் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம்) கசிந்திருக்கிறது. விட்டிருந்தால் அந்த வழியே காற்று நுழைந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூட்டில் இறுகிச் சிக்கி சீஸ் ஆகியிருக்கும். செலவு என்று பார்த்தால் சீலின் விலை ஒன்றுமே இல்லை. அதன் மேலிருந்த அளவைக் காட்டியதும் பேரிங் கடையில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பாயிண்ட்டை மாற்றி மூடுவதற்கு முன் சீலை விரலால் தடவிப் பாருங்கள்.

இப்போது ரப்பர் கட்டை அறுத்துவிட்டு, சூட்டோடு நிறுத்தி இழுத்தாலும் பிடிக்கிறது. ஐடிலிங் (அறுக்காமல் சும்மா ஓடும்போதுள்ள வேகம்) மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அது தனிக் கதை, அப்புறம் எழுதுகிறேன்.