ஸ்டென்ட் வச்சு மூணு மாசம், அப்பாவுக்கு பயம் மட்டும் போகல

மூத்தவ: அப்பாவுக்கு அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க. இப்ப ரிப்போர்ட் எல்லாம் நல்லாருக்கு, ரீஹேப்ல (அட்டாக்குக்கு அப்புறம் உடம்ப தேத்த ஆஸ்பத்திரில குடுக்கிற பயிற்சி) ட்ரெட்மில்லும் நடக்கிறார், ஆனா வீட்டுக்கு வந்தா எந்நேரமும் நாடிய புடிச்சிகிட்டே இருக்கார், பேசிட்டு இருக்கும்போதே பாதியில நிறுத்திட்டு எண்ண ஆரம்பிச்சிடுவார். மாடிப்படி ஏறவே மாட்டேங்கிறார். ரீஹேப்ல கவுன்சலிங் போக சொல்லி சீட்டு குடுத்தாங்க, "எனக்கென்ன பைத்தியமா"ன்னு மடிச்சு சட்டைப்பையில வச்சதோட சரி. நிஜமாவே பேசினா நெஞ்சு சரியாகுமா?

பைபாஸ்காரன்: நானும் உங்கப்பா மாதிரிதாம்மா, பைபாஸுக்கு அப்புறம் ஏப்பம் வந்தாக்கூட போச்சுடான்னு உக்காந்துடுவேன். தெரபில என்கிட்ட கவலைப்படாதீங்கன்னு ஒரு தடவகூட சொல்லல. கவலை வந்தா வரட்டும், சாயந்தரம் ஆறு மணிக்கு பாத்துக்கறேன்னு தள்ளிப்போடுங்கன்னாங்க. சிரிப்புதான் வந்துச்சு. ஆனா ஆறு மணி ஆனா பாதி நாள் என்ன கவலைன்னே ஞாபகம் இருக்காது. நாடி பாக்கிறதையும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா விட்டேன்.

ரீஹேப் பிசியோ: பைபாஸ்காரன் சொன்னது மெட்டாகாக்னிட்டிவ் தெரபில, அதாவது கவலையோட நாம நடந்துக்கற விதத்த மாத்துற தெரபில, வர்ற பயிற்சி. இங்கிலாந்துல ரீஹேப் பேஷன்ட்ஸ் 332 பேர வச்சு பாத்தாங்க, 2021ல ரிசல்ட் வந்துச்சு. வழக்கமான ரீஹேபோட இந்த குரூப் தெரபியும் 6 செஷன் எடுத்தவங்களுக்கு பதட்டமும் டிப்ரஷனும் மத்தவங்கள விட நல்லா குறைஞ்சது, 12 மாசம் கழிச்சும் அந்த வித்தியாசம் இருந்துச்சு. ஆனா நெஞ்சு சரியாகுமான்னு கேட்டீங்களே, அதுக்கு ஆமான்னு சொல்ல மாட்டேன். 2003ல அமெரிக்கால அட்டாக் வந்த 2,481 பேர வச்சு சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு தெரபி) உதவுதான்னு பாத்ததுல டிப்ரஷன் குறைஞ்சது, ரெண்டாவது அட்டாக்கோ சாவோ குறையல. அதனால தெரபி வேஸ்ட்டுன்னு எடுத்துக்காதீங்க, டிப்ரஷன்ல இருக்கிறவங்கதான் முதல்ல ரீஹேபுக்கு வர்றத நிறுத்துவாங்க, மாத்திரைய விடுவாங்க, நான் தினம் பாக்கிறேன்.

சும்மாபடிப்பவன்: எல்லாத்துக்கும் தெரபின்னு ஓடாதீங்க, வயசானா பயம் இருக்கத்தான் செய்யும். ஒரு தூக்க மாத்திரை போட்டா முடிஞ்சது.

ரீஹேப் பிசியோ: ப்ரோ, இந்த மாதிரி அட்வைஸ் குடுக்காதீங்க. ஹார்ட் பேஷன்ட்டுக்கு மனசுக்கான மாத்திரைன்னாலும் அவரோட டாக்டர்தான் முடிவு பண்ணணும். மூத்தவ, இன்னொண்ணு, புதுசா நெஞ்சுவலி வந்தா பயத்தாலன்னு நீங்களா முடிவு பண்ணாம உடனே காட்டுங்க.

மூத்தவ: தேங்க்ஸ் எல்லாருக்கும். பைபாஸ்காரன் அண்ணே, நீங்க எழுதினத அப்பாவுக்கு படிச்சு காட்டினேன். ஏப்பம்னு வந்த இடத்துல சிரிச்சார். அப்புறம் "ஆறு மணிக்குன்னு யார் சொன்னது, எட்டு மணின்னா நல்லாருக்கும்"ங்கிறார். சீட்டு இன்னும் பையிலதான் இருக்கு.