அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கைப்புண், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இல்லை. புகாரை எங்கிருந்து தொடங்குவது?

காவிரிக்கரை:

அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன். மொத்தம் 13 நாள், அதில் 5 நாள் ஐசியூ. வீட்டுக்கு வந்த அன்று உடம்பு துடைக்கும்போதுதான் தெரிந்தது: இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண், நடுவில் மஞ்சள் படிந்த குழி. டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஃபோன் செய்தால், "சர்க்கரைக்காரங்களுக்கு வரத்தான் செய்யும், டிரெஸ்ஸிங்குக்குக் கூட்டிட்டு வாங்க, காசு வேண்டாம்" என்கிறார்கள். பில் 3 லட்சத்து 40 ஆயிரம். 2 லட்சம் இன்சூரன்ஸில் கேஷ்லெஸ், மீதி நாங்கள் கட்டியது.

மெடிக்கல் கவுன்சிலா, நுகர்வோர் கோர்ட்டா, போலீஸா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆதாரம் என்று என்ன வேண்டும்?

ஐபி_நம்பர்:

புகார் பிறகு. குழிக்குள் மஞ்சள் படிந்திருக்கிறது என்றால் இன்றைக்கே ஒரு சர்ஜனிடம் காட்டுங்கள். காய்ச்சலோ வாடையோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அந்த சர்ஜனிடம் "இது யார் தப்பு சார்?" என்று கேட்டால் பேனாவை மூடிவிடுவார். கேட்க வேண்டியது ஒன்றே: இன்று பார்த்த தேதி, புண் இருக்கும் இடம், நீளம், அகலம், ஆழம், எத்தனையாவது கிரேடு. இதை ஓபி சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பார்த்ததை எழுத எந்த டாக்டரும் தயங்க மாட்டார். ஃபோட்டோ எடுக்கும்போது புண் பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடுங்கள். எடுத்த ஃபைலை வாட்ஸ்அப்பில் மட்டும் வைக்காதீர்கள், அங்கே தேதி விவரம் கழன்றுபோகும். ஒரிஜினல் ஃபோனிலேயே இருக்கட்டும்.

அடுத்தது கேஸ் ஷீட். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, கேஸ் ஷீட் வேறு. சம்மரி என்பது ஆஸ்பத்திரி உங்களுக்குச் சொல்ல விரும்புவது. அன்றன்றைக்கு நடந்தது கேஸ் ஷீட்டில் இருக்கிறது. மருத்துவர் நடத்தை குறித்த 2002 ஒழுங்குமுறைப்படி உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவர் கையெழுத்தில் விண்ணப்பமும், "என் மகனிடம் கொடுக்கவும்" என்று ஒரு அதிகாரக் கடிதமும் போதும். பெயர், ஐபி எண் (உள்நோயாளிப் பதிவு எண்), சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, இரண்டு பேரின் அடையாள அட்டை நகல். நேரில் கொடுத்து இரண்டாவது பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மாட்டோம் என்றால் ஸ்பீட் போஸ்ட். டெலிவரி ஆன டிராக்கிங் பக்கத்தை அன்றே பிரின்ட் எடுத்து வையுங்கள்.

"எல்லா ரெக்கார்டும் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் சம்மரியையும் லேப் ரிப்போர்ட்டையும் ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: டாக்டர்களின் தினசரிக் குறிப்பு, நர்ஸிங் நோட்ஸ், ஐசியூ சார்ட், மருந்து சார்ட், பொசிஷன் சார்ட், ஒப்புதல் படிவங்கள், மயக்க மருந்துக் குறிப்பு, ஐட்டம் வாரியான பில். வார்டு வராந்தா சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லியும் அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். அது சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதனால்தான் முதல் கடிதத்திலேயே வர வேண்டும்.

கடிதத்தில் கோபம், குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். மேல் சிகிச்சைக்குத் தேவை என்று எழுதினால் போதும், அது உண்மையும்கூட.

நைட்_டூட்டி:

நர்ஸிங் பக்கம் மட்டும் சொல்கிறேன். உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது.

கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, சேர்ந்த அன்று நர்ஸ் எழுதிய முதல் மதிப்பீட்டுத் தாள். தோல் பற்றி ஒரு கட்டம் இருக்கும். அதில் காயம் இல்லை என்று டிக் ஆகியிருந்தால் புண் உள்ளே வந்த பிறகு உண்டானது என்பது அவர்கள் எழுத்திலேயே உறுதி. "வரும்போதே இருந்தது" என்று பிறகு சொல்ல முடியாது.

பக்கத்திலேயே பிரேடன் ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கலாம். 6 முதல் 23 வரை போகும், குறையக் குறைய ஆபத்து. 18 அல்லது அதற்குக் கீழே எழுதியிருந்தால், படுக்கைப்புண் வரக்கூடும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

பொசிஷன் சார்ட்: படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வலது, மல்லாக்க, இடது என்று மாற்றிப் படுக்க வைத்து எழுத வேண்டும். ஒரு நாளைக்கு 12 பதிவு. ஒரு ஷிஃப்ட் முழுக்கக் காலியாக இருக்கிறதா பாருங்கள். அதைவிட முக்கியம், நிரம்பியிருப்பதை நம்பிவிடாதீர்கள். மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே மை என்றால் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது. ஆபரேஷன் தியேட்டரில் இருந்த நேரத்துக்கு "இடது பக்கம் படுக்க வைக்கப்பட்டார்" என்று பதிவு இருந்தால் அந்தச் சார்ட் முழுவதுமே சந்தேகத்துக்கு உரியது. மயக்க மருந்துக் குறிப்பில் உள்ள நேரத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பார்மசி பில்லைக் குப்பை என்று நினைக்காதீர்கள். டிஸ்சார்ஜுக்கு 3, 4 நாள் முன்பே புண்ணுக்கு ஒட்டும் ஃபோம் டிரெஸ்ஸிங், களிம்பு என்று ஏறியிருக்கலாம். அப்படியென்றால் அவர்களுக்குத் தெரியும், உங்களிடம் சொல்லவில்லை. ஏர் பெட் வாடகை எந்தத் தேதியிலிருந்து போடப்பட்டிருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது.

அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்ததே: சர்க்கரை, ரத்தத்தில் புரதம் குறைவு, ஆபரேஷன் செய்த கால் என்பதால் திருப்ப முடியவில்லை. இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்து, இரண்டு பேர் சேர்ந்து திருப்புவார்கள். அது வழக்கமான வேலைதான். ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பிபி மிகவும் இறங்கி, உயிருக்குப் போராடிய நாட்களில் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சிலருக்குப் புண் வரும். ஐசியூ சார்ட்டில் அந்த 5 நாளின் பிபி எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

மனுதாரர்:

எங்கே போவது என்ற கேள்விக்கு. ஒவ்வொரு கதவும் ஒவ்வொன்றைத்தான் தரும், அதைத் தெரியாமல் போய்த்தான் பலரும் வருஷக்கணக்கில் அலைகிறார்கள்.

தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தனி டாக்டர் மீது மட்டுமே விசாரிக்கும். கண்டிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். ஒரு ரூபாய் இழப்பீடு தராது, ஆஸ்பத்திரி நிர்வாகத்தைத் தொடாது. உங்கள் விஷயம் நர்ஸிங் கவனிப்பு, அதனால் இங்கே பலம் குறைவு என்பது என் கணிப்பு.

மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், அதாவது ஜேடி ஆபீஸ். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இன் கீழ் தனியார் ஆஸ்பத்திரியின் பதிவு தொடர்பான புகார் இங்கே போகும். ஆள் பற்றாக்குறை, ரெக்கார்டு தர மறுப்பது போன்றவற்றை எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்கு என்ஏபிஎச் என்ற தரச் சான்று இருந்தால் அவர்களுக்கும் ஒரு புகார் அனுப்புங்கள். உள்ளே சேர்ந்த பிறகு வரும் படுக்கைப்புண்ணைக் கணக்கெடுப்பது அந்தச் சான்றின் தர அளவுகோல்களில் ஒன்று.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இன்சூரன்ஸ் கட்டிய பணமும் கட்டணமே என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. 2019 சட்டப்படி எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் தொகை தீர்மானிக்காது, செலுத்திய தொகைதான். 50 லட்சம் வரை மாவட்டம், 5 லட்சம் வரை புகார் போடக் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆஸ்பத்திரி வேறு ஊரில் இருந்தாலும். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் கேஸ் ஷீட்டைப் படிக்கத் தெரிந்த வக்கீல் கிடைத்தால் விடாதீர்கள்.

காலக்கெடு 2 ஆண்டு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கவுன்சில் விசாரணை நடக்கிறது, முடியட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கடிகாரம் நிற்காது. இரண்டும் தனித்தனி, ஒரே நேரத்தில் நடத்தலாம்.

யாரை எதிர்க்கட்சியாக்குவது என்று குழம்ப வேண்டாம். எந்த நர்ஸ், எந்த டாக்டர் என்று தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரி மீது மட்டும் வழக்குப் போடலாம் என்று 2004-இல் சவிதா கார்க் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. நிபுணர் கருத்து எல்லா வழக்குக்கும் தேவையில்லை என்பது 2010 கிஷன் ராவ் தீர்ப்பு. இருந்தாலும் ஒன்று கையில் இருப்பது நல்லது. இனிமேல் ஆகும் டிரெஸ்ஸிங், ஏர் பெட், வீட்டு நர்ஸ் எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள். பில் இல்லாத செலவை எந்த ஆணையமும் முழுசாக நம்பாது.

போலீஸ்: 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு டாக்டர் மீது குற்ற வழக்கு என்றால் மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும், சார்பற்ற மருத்துவக் கருத்தும் வேண்டும். உங்கள் விஷயத்துக்கு அந்தக் கதவு வேண்டாம். வார்டில் போய்ச் சத்தம் போடுவதும் வேண்டாம். தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் வன்முறை என்பது ஜாமீனில் வர முடியாத குற்றம். கைகலப்பு என்று ஒரு எதிர்ப்புகார் எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் புகார் பின்னுக்குப் போய்விடும்.

வைகைவாசல்:

இதுவே ஜிஎச் ஆக இருந்தால்?

மனுதாரர்:

எல்லோருக்கும் இலவசம் என்ற இடத்துக்கு நுகர்வோர் ஆணையம் பொருந்தாது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீனுக்கு, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி என்றால் ஜேடிக்கு எழுத்தில் கொடுங்கள். 104 சுகாதார உதவி எண்ணில் சொன்னால் பதிவாகும். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இழப்பீடு கேட்கலாம். ரெக்கார்டுக்கு 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுப் போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சர்ஜனிடம் இன்று மாலை போகிறோம். இலவச டிரெஸ்ஸிங்குக்குப் போகலாமா, வேண்டாமா?

ஐபி_நம்பர்:

போனாலும் வழக்குக் கெடாது. ஒவ்வொரு தடவையும் ஓபி சீட்டில் புண்ணின் அளவை எழுதச் சொல்லுங்கள், அவர்கள் கையாலேயே ஆதாரம் சேரும். ஆனால் நாலாவது, ஐந்தாவது தடவை ஒரு தாளை நீட்டுவார்கள்: "சிகிச்சையில் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று. சில நேரம் பில்லில் கொஞ்சம் திருப்பித் தருகிறோம் என்ற பேச்சோடு வரும். அம்மாவிடம் தனியாகக் கையெழுத்து வாங்கிவிடாமல், டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நீங்களோ வீட்டில் வேறு யாரோ கூடவே நில்லுங்கள்.