உப்சாலாவில் படிக்க வருகிறீர்களா? கதவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

இங்கே முன்பே வந்த நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு விஷயம் சொல்கிறோம், முதலில் காகித வேலை. ஆகஸ்ட் கடைசியில் ஸ்வீடனின் உப்சாலாவில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: "பேங்க் அக்கவுண்ட் எப்போது கிடைக்கும்?" பதில் சொல்ல நாலு படி பின்னால் போக வேண்டும். இணையத்தில் நம் அடையாளத்தைக் காட்டும் பேங்க்ஐடி செயலிக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்கு அடையாள அட்டை, அட்டைக்குப் பர்சன் நம்பர் என்ற ஸ்வீடிஷ் அடையாள எண், அந்த நம்பருக்கு ஓராண்டுக்குக் குறையாத பர்மிட்டும் (குடியிருப்பு அனுமதி) ஒழுங்கான முகவரியும். ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு மேலே எதுவும் நகராது.

முதல் கண்ணி பல பேருக்கு ஊரிலேயே அறுந்துவிடுகிறது. பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டிப் பர்மிட் தரமாட்டார்கள். படிப்பு இரண்டு வருடமாக இருக்கலாம். பாஸ்போர்ட்டில் பத்து மாதம்தான் மீதி என்றால் பர்மிட்டும் பத்து மாதம்தான். அதை வைத்துக்கொண்டு பர்சன் நம்பர் கேட்டுப் போனால் இழுபறிதான். பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். முடிவு வந்ததும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை முதலில் பாருங்கள்.

இங்கே வந்த பிறகு ஸ்கட்டேவெர்கெட் என்ற வரித்துறையிடம் குடிவந்ததைப் பதிய வேண்டும். நேரில் போகாமல் இது முடியாது. பாஸ்போர்ட், பர்மிட் அட்டை, சேர்க்கைக் கடிதம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். படிவத்தில் நான்கு இலக்க வீட்டு எண் ஒன்று கேட்பார்கள். கதவில் ஒட்டியிருக்கும் அறை எண்ணை அங்கே எழுதிவிடாதீர்கள், இது வேறு. முதல் இரண்டு இலக்கம் மாடியைக் குறிக்கும்: வாசல் மட்டம் 10, அதற்கு மேல் 11, அடுத்தது 12. பின் இரண்டு இலக்கம் அந்த மாடியில் எத்தனையாவது வீடு என்பது. 1203 என்றால் வாசல் மட்டத்துக்கு மேலே இரண்டாம் மாடியில் மூன்றாவது வீடு. ஒப்பந்தத்தில் இல்லையென்றால் வீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

கோட்டை விடும் இடம் அடுத்து வருகிறது. பர்சன் நம்பர் தபாலில்தான் வரும். தபால்காரர் கதவுத் துளையிலோ கீழே உள்ள பெட்டியிலோ இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால் கடிதம் அனுப்பிய இடத்துக்கே திரும்பிவிடும். வாரக்கணக்கில் காத்திருந்து, விண்ணப்பம் தேங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்; கடிதமோ வந்து திரும்பிப் போயிருக்கும். அதனால் சாவி வாங்கும் அன்றே பெயர்ப் பலகை யார் போடுவார்கள் என்று கேளுங்கள். அதுவரை ஒரு காகிதத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் எழுதி ஒட்டிவிடுங்கள். நமக்கு இனிஷியல், அப்பா பெயர் என்று குழப்பம் உண்டு. பர்மிட் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். இன்னொருவர் வாடகைக்கு எடுத்த வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால், நம் ஊரில் மே/பா போடுகிற மாதிரி சி/ஓ போட்டு அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். உள்வாடகைக்கு வீட்டு நிறுவனத்தின் சம்மதம் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்க்காமல் முன்பணம் மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

நம்பர் கைக்கு வந்ததும் அடையாள அட்டைக்கு 400 குரோனர் கட்டணத்தை முதலில் கட்டிவிட்டு நேரில் போக வேண்டும். அங்கேயே படம் எடுப்பார்கள், உயரம் அளப்பார்கள். அதன் பிறகுதான் வங்கி.

இந்த இடைவெளியில் ஊர் கார்டுதான் சோறு போடும். பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை, பல கடைகளிலும் அப்படித்தான். ஊர் கார்டில் இணையத்தில் பணம் கட்ட ஓடிபி வேண்டும் என்பதால், ஊர் சிம்மைச் சர்வதேச ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். இதை மறந்துவிட்டு விமானம் ஏறினால் முதல் மாத வாடகை கட்டுவதே திண்டாட்டம்.

*

அண்ணன் காகித வேலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் துவைக்கும் அறையைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்து அறைக்காரர்களோடு மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

ஸ்வீடனில் மாணவர் குடியிருப்புகளில் அறைக்கு ஒரு மெஷின் என்பது அபூர்வம். கட்டடத்துக்குப் பொதுவாக ஒரு அறை இருக்கும், அதன் பெயர் த்வெட்ஸ்தூகா. நேரம் முன்பதிவு செய்துதான் போக வேண்டும். பழைய கட்டடங்களில் சுவரில் ஒரு பலகை. உங்கள் அறை எண் போட்ட சின்னப் பூட்டை வேண்டிய நாளின் துளையில் மாட்ட வேண்டும். புதியவற்றில் திரையோ செயலியோ இருக்கும். குறித்த நேரத்துக்கு அரை மணிக்குள் தொடங்கவில்லையென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது பல இடங்களில் விதி. நேரம் முடியும்போது உங்கள் துணி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. கடைசி அரை மணியில் புதுச் சுற்று போடாதீர்கள்.

முடித்த பிறகு செய்ய வேண்டியவை: உலர்த்தியின் கதவுக்கு உள்பக்கம் இருக்கும் வலையை இழுத்து, அதில் மெத்தை போலப் படிந்திருக்கும் பஞ்சை விரலால் வழித்துக் குப்பையில் போடுங்கள். அது அடைத்தால் துணி காயாது, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சோப்புத் தட்டைத் துடைத்து, தரையைப் பெருக்கிவிட்டு வாருங்கள்.

சோப்புத்தூள் பெட்டியில் 'வீத்' என்றிருந்தால் வெள்ளைத் துணிக்கு. அதில் வெளுப்பான் இருக்கும். நம் சாயப் பருத்திகளுக்கு 'கூலோர்' என்று போட்டதை வாங்குங்கள். நம் ஊர்ப் பருத்தி உலர்த்தியில் சுருங்கும். காற்றோட்டமுள்ள உலர்த்தும் அறையில் கொடியில் போடுவதுதான் நல்லது.

*

அக்கா துணியைச் சொன்னார்கள், நான் சாப்பாட்டைச் சொல்கிறேன். பெட்டி கட்டும்போதே கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. கறிவேப்பிலைப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி போன்றவற்றைக் கொண்டுவாருங்கள்.

குக்கர் வாங்கும் முன் யோசியுங்கள். அடுப்பு இன்டக்ஷனாக இருந்தால் சாதாரண அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். இரும்புத் தோசைக்கல் எந்த அடுப்பிலும் ஓடும். மின்சாரம் நம்முடையது போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மிக்ஸியைக் கொண்டுவரலாம். மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் மட்டும் வேண்டும், அதுவும் எர்த் உள்ளதாக.

குளிர்காலத்தில் அறை 20 டிகிரி சுற்றித்தான் இருக்கும், மாவு புளிக்காது. ஓவனைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை மூடி உள்ளே வையுங்கள். இரவு வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், கீழே ஒரு தட்டும் வையுங்கள். ஓவன் கதவில் 'உள்ளே மாவு' என்று ஒரு சீட்டு ஒட்டுவது அவசியம். ஃப்ளோக்ஸ்தா மாணவர் குடியிருப்பில் ஒரே சமையலறையைப் பத்துப் பன்னிரண்டு பேர் பகிர்வார்கள். யாராவது பீட்சாவுக்கு 225 டிகிரி வைத்துவிட்டால் மாவும் பாத்திரமும் போச்சு.

மிளகாய் தாளிக்கும்போது புகைப்போக்கியை முழு வேகத்தில் வைத்து, தாழ்வாரக் கதவைச் சாத்திவிடுங்கள். சன்னலைத் திறக்கலாம், அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் புகை தாழ்வாரத்தில் இருக்கும் அலாரத்துக்குப் போய்விடும்.

*

படிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட், வாரத்துக்கு ஒன்றரை என்ற கணக்கு. பாடங்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஐந்து வாரத்தில் ஒன்று முடிந்து தேர்வும் வந்துவிடும். ஒவ்வொரு பாடத்துக்கும் லாடோக் என்ற பல்கலைக்கழகப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். எழுத்துத் தேர்வுக்குத் தனியாக இன்னொரு முறை பதிய வேண்டும். அந்தப் பதிவு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே மூடிவிடும். விட்டால் மறுதேர்வுதான். பாடம் தொடங்கும் நாளிலேயே கெடுத் தேதியை அலைபேசியில் குறித்துவையுங்கள். வகுப்பு பத்து மணி என்றால் பத்தேகாலுக்குத் தொடங்கும் வழக்கம் இங்கே பழையது. தேர்வுக்கு அந்தக் கால் மணி கிடையாது. தேர்வு மண்டபம் பெரும்பாலும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பெர்க்ஸ்புருன்னகாத்தனில். ஃப்ளோக்ஸ்தாவிலிருந்து நகரைக் குறுக்கே கடக்க வேண்டும்.

அதனால் சைக்கிள். டிசம்பரில் ஒன்பது மணிக்குச் சற்று முன் விடிந்து மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு சட்டப்படி கட்டாயம், இல்லையென்றால் 500 குரோனர் அபராதம். கழற்றி மாட்டும் விளக்காக வாங்கி, நிறுத்தியதும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் வெளியே விட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பனிக்கட்டிக்கு ஆணி பதித்த டயர் உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் வாங்க வசதியில்லையென்றால் முன்சக்கரத்துக்கு மட்டுமாவது போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் நேராகத் தரைதான்.