உதவி: நிலச்சூட்டுக்கு வாங்கி மிஞ்சின பைப்பைக் குடிதண்ணிக்குப் பாவிக்கலாமோ? மூட்டு கசியுது

ஸ்காபுறோ_பொடியன்
வணக்கம், கொஞ்சம் அவசரம். பேஸ்மென்ற் நிலத்துக்குக் கீழ ஹீற்றிங் ஓடினதில ஒரு 80 அடி பைப் மிஞ்சிப் போச்சு. அரை இஞ்சி, சிவப்பு. புது வோஷ்றூம் சிங்க்குக்கும் ஷவருக்கும் அதையே இழுத்திட்டன். தண்ணி திறந்தவுடன ரெண்டு மூட்டில சொட்டுது. திரும்ப இறுக்கியும் நிக்கேல்லை. மெயினைப் பூட்டி வச்சிருக்கு, மனுசி மேல கத்துறா.

கொத்துரொட்டி_88
புதுசோ, ஏற்கெனவே ஓடினதோ? ஓடினது எண்டா உள்ளுக்கு கிளைக்கோலும் (தண்ணி உறையாமல் இருக்க விடுறது) கறுத்த தண்ணியும் இருந்திருக்கும். கழுவினாலும் குடிக்கேலாது.

பனிமலை
மூட்டை இறுக்க என்ன வளையம் போட்டனீங்கள்? செப்போ, ஸ்ரீல் கிளாம்ப்போ? படம் போடுங்கோ.

நல்லதண்ணி
பிரஷர்தான். எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான். மீற்றருக்குப் பக்கத்தில பிரஷர் குறைக்கிற வால்வ் பூட்டுங்கோ.

பனிமலை
அண்ணை, சாதாரண பெக்ஸே, அதுதான் இந்த வளையிற பிளாஸ்ரிக் பைப், 23 பாகையில 160 பி.எஸ்.ஐ. பிரஷர் தாங்கும். வீட்டுக்கு வாற தண்ணி அதில பாதியைத் தாண்டுறதே அரிது.

பழையகை
இந்தக் கேள்வி இங்க எத்தினை தரம் வந்திட்டுது! தேடிப் பார்க்கிற பழக்கமே ஒருத்தருக்கும் இல்லை. பைப்பைக் கையில வச்சுக்கொண்டு எங்களிட்டக் கேக்கிறியள். அதிலயே எழுதியிருக்கு தம்பி. 'என்.எஸ்.எஃப்-பி.டபிள்யூ' எண்டா குடிதண்ணிக்கு. 'ஆர்.எஃப்.எச்' மட்டும் எண்டா நிலச்சூட்டுக்கு. கனடாவில சி.எஸ்.ஏ. பி137.5 எண்ட தர நம்பரும் இருக்கோணும். சிவப்பு, நீலம் எல்லாம் கண்ணுக்குத்தான்.

கொத்துரொட்டி_88
ஹீற்றிங் பைப்பில ஒக்சிஜன் தடுக்கிற பூச்சு இருக்குமாம். அது நஞ்சு எண்டு மச்சான் சொன்னவர்.

பழையகை
மச்சானை விடுங்கோ. பிளாஸ்ரிக்குக்குள்ளால ஒக்சிஜன் ஊறிப்போய் பொயிலரையும் பம்பையும் துருப்பிடிக்க வைக்கும், அதை மறிக்கத்தான் பூச்சு. கூடுதலா வெளித்தோலிலதான் இருக்கும். குடிதண்ணி பைப்புக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான்.

பனிமலை
தம்பி, ஒரு துண்டை நேரா வெட்டி வாயைப் பாருங்கோ. வெள்ளிக் கோடு ஒண்டு வட்டமா ஓடுதோ? வளைச்சு விட்டால் அப்பிடியே நிக்குதோ, நிமிருதோ?

நல்லதண்ணி
இதுக்குத்தான் செப்புப் போடச் சொல்லுறது. பிளாஸ்ரிக்கை நம்பி என்ன கண்டனாங்கள்? 80, 90களில போட்ட சாம்பல் பைப்பை, அதுதான் பொலி-பி, இப்பவும் சனம் சுவரை உடைச்சு மாத்துது. காப்புறுதிக்காரர் அந்தப் பேரைக் கேட்டாலே முகத்தைச் சுழிக்கினம்.

கிணத்தடி
பொலி-பி வேற, பெக்ஸ் வேற. செப்பிலயும் ஊசித்துவாரம் விழும், எங்கட சமையலறைச் சீலிங்கைக் கேளுங்கோ.

நல்லதண்ணி
வேலை தெரியாதவன் போட்டால் விழும்தான்.

கிணத்தடி
போட்டது நீங்கள் சொல்லிவிட்ட ஆள்தான் அண்ணை.

ஸ்காபுறோ_பொடியன்
வெள்ளிக் கோடு இருக்கு. வளைச்சா அப்பிடியே நிக்குது. புதுசு, கராஜில கிடந்தது. வளையம் செப்பு.

பனிமலை
இதை முதலே சொல்லியிருக்கலாம். அது நடுவில அலுமினியம் வச்ச பைப். சாதாரண பெக்ஸ் ஃபிட்டிங்கும் செப்பு வளையமும் அதுக்குச் சரிவராது, எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. வெட்டின வாயை உள்ளால வட்டமாக்கி, அதுக்கெண்டே வாற ஃபிட்டிங் போடோணும். அதில பி137.10 எண்டு நிக்கும், பழையகை அண்ணை சொன்ன நம்பர் இல்லை. பி.டபிள்யூ இருக்கோ எண்டும் பாருங்கோ. இல்லாட்டி எந்த ஃபிட்டிங்கும் வேண்டாம். பேர்மிட் எடுத்தனீங்களோ? சுவரை மூட முதல் இன்ஸ்பெக்டர் பாக்கோணும்.

பழையகை
நான் பொதுவாச் சொன்னனான்.

நல்லதண்ணி
செப்பெண்டா இந்தக் கரைச்சல் ஒண்டுமில்லை.

ஸ்காபுறோ_பொடியன்
பி.டபிள்யூ காணேல்லை. எல்லாத்தையும் கழட்டிப்போட்டு குடிதண்ணி பைப் 100 அடிச் சுருள் வாங்கிப் போட்டன். சொட்டு நிண்டிட்டுது. நன்றி.

கொத்துரொட்டி_88
பேர்மிட்?

கிணத்தடி
அதில ஒரு 20 அடி மிஞ்சும். எறியாதேங்கோ, எங்கட சமையலறைக்குத் தேவை.