உருக்குலைவைத் திருத்தும் டாப்அப் மென்பொருளை ஓட்டிய பிறகும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ படத்தில் முன்மூளை அடிப்பகுதி நசுங்கியே இருக்கிறது
3 டெஸ்லா, 32 சேனல் ஹெட் காயில். சிங்கிள் ஷாட் ஈபிஐ (ஒரே தூண்டலில் ஒரு படம் எடுக்கும் வேக முறை), 2 மிமீ வாக்ஸல், மேட்ரிக்ஸ் 110, பி 1000 (டிஃப்யூஷன் எடையின் அளவு), 64 திசை, கிராப்பா 2 (பாதி வரிகளை மட்டும் எடுத்து வேகப்படுத்துவது), எக்கோ ஸ்பேசிங் 0.69 மில்லிசெகண்ட். ஃபேஸ் என்கோடிங் (உருக்குலைவு விழும் திசை) முன்னிருந்து பின். எதிர்த்திசையில் பி 0 (டிஃப்யூஷன் எடை இல்லாத படம்) மட்டும்.

சைனஸுக்கு மேலேயும் காதெலும்பை ஒட்டியும் சிக்னல் குவிந்து வெள்ளைப் பட்டையாக நிற்கிறது. திருத்திய பி 0 டி1 உடற்கூறு படத்தின் மேல் சரியாக உட்காருகிறது. 64 திசைப் படங்களில் பட்டை போகவில்லை.

ரீட்அவுட் நேரம் 0.0376 நொடி, கிராப்பாவைக் கணக்கில் சேர்த்துத்தான். ஷிம் பாக்ஸை (காந்தப்புலத்தைச் சீராக்கும் பகுதி) மூளைக்கு மட்டும் சுருக்கியாயிற்று. கிராப்பா 3 போட்டால் பட்டை குறைகிறது, தலாமஸ் பக்கம் இரைச்சல் தாங்கவில்லை. தரவின் ஒரு பகுதியை எடுக்காமல் விடும் பார்ஷியல் ஃபூரியே எக்கோ நேரமான டிஇ-யைத்தான் குறைக்கும், அதைச் சொல்ல வேண்டாம்.

கையில் 10 நிமிடம்தான். இரு திசையிலும் தலா 32 எடுத்து எடி எனும் திருத்த மென்பொருளில் சேர்ப்பதா, ரீட்அவுட்டைத் துண்டுகளாக எடுக்கும் ரீட்அவுட் செக்மென்டட் ஈபிஐக்கு மாறுவதா: டிராக்டோகிராஃபிக்கு (நரம்பிழைப் பாதைகளை வரைவது) எது சரி?