புதுப்பிப்பு: பகிர்வு ஷீட்டில் தேதி மாறிய சிக்கல் தீர்ந்தது

சிங்கப்பூரின் துவாஸ் பகுதிக் கிடங்கில் நாங்கள் சேர்ந்து பயன்படுத்தும் கூகுள் ஷீட்ஸில், ஏப்ரல் 3 என்று 03/04 அடித்தால் மார்ச் 4 ஆகிவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேலை, அதாவது எந்த நாட்டு முறையில் தேதி எழுதுவது என்ற அமைப்பைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. அமெரிக்கா (மாதம் முதலில்) என்று இருந்ததைச் சிங்கப்பூர் (நாள் முதலில்) ஆக்கினேன். புதுப் பதிவுகள் சரியாக விழுகின்றன.

எதிர்பாராதது, பழைய பதிவுகள் தானாகத் திருந்தவில்லை. 13/04 போன்றவை தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக் கிடந்தன. உண்மையான தேதி வலப்பக்கம் நிற்கும். அவற்றைச் சுலபமாகப் பிடித்துவிட்டோம். மார்ச் 4 ஆக மாறியவைதான் கண்ணுக்கே தெரியாது. கூட வேலை செய்யும் அண்ணன் டெலிவரி ரசீதுகளை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் திருத்தினேன். இரண்டு சாயங்காலம் பிடித்தது. அப்புறம், தேதி மட்டுமே ஏற்கும்படி டேட்டா வேலிடேஷனும் போட்டாயிற்று.